கால் சுற்று

சிறு விமானத்தின் முகப்புப் பலகையில், இடப்பக்க இருக்கையில் அமரும் விமானியின் வலக்கைக்கு எட்டும் தொலைவில், கறுப்புக் குமிழ் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தள்ளினால் எஞ்சினின் வேகம் கூடும். வெளியே இழுத்தால் குறையும். திராட்டில் என்பது அதன் பெயர். அக்குமிழைத் தாங்கும் தண்டு பலகையினின்று புறப்படும் இடத்தில், விளிம்பெங்கும் வரிவரியாகக் கொத்தப்பட்ட வட்டத் திருகு ஒன்று இருக்கிறது. வலஞ்சுழியாகத் திருகினால் அது தண்டைப் பற்றிக்கொள்ளும். இடஞ்சுழியாகத் திருகினால் பிடியைத் தளர்த்தும். அவ்வளவே அதன் வேலை. விமானத்தை அது பறக்க வைப்பதில்லை, திருப்புவதில்லை, இறக்குவதுமில்லை. வைத்த பிடி வைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது. 1956ஆம் ஆண்டு முதல் 44,000-க்கும் மேலாகக் கட்டப்பட்டு, உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் பறந்துவரும் செஸ்னா 172 விமானத்தில், புறப்படுமுன் படிக்க வேண்டிய சரிபார்ப்புப் பட்டியலில் இத்திருகிற்கென்றே ஒரு வரி ஒதுக்கப்பட்டுள்ளது.

முப்பதாண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற நமக்கு இத்திருகின் மீது ஏன் இத்தனை ஈடுபாடு என்று வாசகர்கள் கேட்கலாம். 'உராய்வு ஒரு தேவையான தீமை' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டே நம் தலைமுறை ஆசிரியர்கள் காலம் கழித்தோம். நன்மைகள் மூன்று, தீமைகள் மூன்று, குறைக்கும் வழிகள் நான்கு என்று மாணாக்கர் ஒப்பிப்பர். உராய்வைக் கூட்டும் வழிகளை எந்தத் தேர்விலும் எவரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை. அப்பாடத்தின் விடுபட்ட பக்கத்தை நம் கண்முன் விரித்துக் காட்டியவர் ஒரு டிராக்டர் மெக்கானிக். நம் பங்கைச் சேர்ந்தவர். அவருடைய மகன் நம்மிடம் பிளஸ் டூ படித்தவன்.

திருவண்ணாமலையில் விமானம் என்பது அண்ணாந்து பார்க்கும் பொருளேயன்றி ஏறிப் பார்க்கும் பொருளன்று. வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் பழைய ஓடுதளம் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து பயிற்சி விமானங்கள் வந்து இறங்கிய காலமும் இருந்தது. அதற்கு மேல் நம் பக்கத்துக்கும் வானத்துக்கும் உறவில்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து அப்பிள்ளை விமானியாகப் புறப்பட்டான். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போயிற்று. வடமாநிலம் ஒன்றில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான். இரவுதோறும் தொலைபேசியில் அவன் தாய் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "தம்பி, மெதுவா ஓட்டுப்பா." விமானத்தில் மெதுவாகச் செல்வதுதான் பேராபத்து என்பதை அந்த அம்மாவிடம் யார் சொல்வது? நாம் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிளின் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் அது தானே திரும்பிக்கொள்ளும். காரின் மிதியும் அப்படியே. காலை எடுத்ததும் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். தரையில் அதுவே பாதுகாப்பு. ஓட்டுபவன் மயங்கி விழுந்தால் வண்டி ஓய்ந்துவிட வேண்டும். வானத்தில் நியாயம் வேறு. கை எடுத்ததும் எஞ்சின் ஓய்ந்துவிட்டால் விமானம் தரையை நோக்கித்தான் வரும். விமானியின் வலக்கைக்கோ வேறு வேலைகளும் உண்டு. இறக்கையின் பின்மடிப்பை ஏற்ற வேண்டும், மூக்கின் பாரத்தைச் சரிசெய்யும் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், வானொலியின் அலைவரிசையை மாற்ற வேண்டும். ஆகவே, விட்டுவந்த இடத்திலேயே காத்திருக்கும் பிடி அவனுக்குத் தேவைப்படுகிறது.

தொடக்கத்தில் இந்தத் தொல்லையே இருந்ததில்லை. 1903ஆம் ஆண்டு ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் எஞ்சினுக்குத் திராட்டிலே கிடையாது. தீப்பொறி தோன்றும் கணத்தை முன்பின்னாக மாற்றி வேகத்தை ஓரளவு மாற்றலாம், அவ்வளவுதான். முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றில் எஞ்சினே விசிறியோடு சேர்ந்து சுழலும். அவற்றை இறக்கும்போது, கைப்பிடியிலிருந்த பொத்தானை அழுத்தி அழுத்தி மின்பொறியைத் துண்டித்துத் துண்டித்தே வேகத்தைக் குறைத்தனர். ஓடு, அல்லது நில். இடைப்பட்ட நிலை அரிதாக இருந்தது. 'இவ்வளவு போதும்' என்று எஞ்சினுக்குச் சொல்லக் கூடியபோதுதான், சொன்ன அளவிலேயே அதனை நிறுத்திவைக்கும் கவலையும் பிறந்தது.

அந்தக் கவலைக்குக் காரணம் அதிர்வு. எஞ்சின் ஓடும்போது விமானம் முழுவதும் நடுங்குகிறது. தளர்ந்த பிடி ஒவ்வொரு நடுக்கத்திற்கும் மயிரிழை மயிரிழையாகப் பின்வாங்கும். முழு விசையில் மேலேறும் வேளையில் இது நேர்ந்தால் முதலில் ஒலி மாறும். விசிறியின் சுழற்சி குறையும். விமானத்தின் மூக்கு மேல்நோக்கியே இருக்க, வேகம் மட்டும் வடிந்துகொண்டே போகும். கவனியாமல் விட்டால் இறக்கைகள் காற்றின் தாங்கலை இழந்துவிடும். மறுபுறம், திருகை மிகுதியாக இறுக்கி வைப்பதும் தீர்வாகாது. இறங்கும் விமானி அவ்வப்போது சிறிது கூட்டிச் சிறிது குறைத்துத்தான் ஓடுபாதைக்கு வருகிறான். பாதையில் ஒரு மாடு குறுக்கிட்டால் ஒரே மூச்சில் முழுவிசையும் தந்து மேலே எழும்பியாக வேண்டும். அந்தக் கணத்தில் கையோடு மல்லுக்கு நிற்கும் பிடியால் பயனில்லை.

இதனால்தான் அத்திருகைத் தரையில் வேலை செய்யும் மெக்கானிக்கே ஒருமுறை முடுக்கிவிட்டுப் போவதில்லை. விமானியின் விரலுக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். முழுவிசை தந்தபின் பின்வாங்காதபடி இறுக்கிக்கொள், பிறகு பறக்கும் நிலை மாறும்போதெல்லாம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள் என்பதே செஸ்னாவின் கையேடு கூறும் முறை. பைப்பர் நிறுவனத்தின் செரோக்கி விமானங்களில் குமிழுக்குப் பதிலாக மேலெழும் நெம்புகோல்கள் உண்டு. அங்கும் பக்கவாட்டில் உராய்வைக் கூட்டிக் குறைக்க ஒரு பிடி வைத்திருப்பார்கள். எவன் பயன்படுத்துகிறானோ அவனே, பயன்படுத்தும் நேரத்தில், தன் கைக்கேற்ற அளவை வைத்துக்கொள்ள வேண்டும். முன்னவன் வைத்த அளவு பின்னவனுக்கு ஆகாது.

நம் மெக்கானிக்கின் மகனுக்கு நேர்ந்தது இவ்விடத்தில்தான். அவனுக்கு முன் அதே விமானத்தில் இறங்கிப் பழகிய மாணவன் திருகைத் தளர்த்தி வைத்திருந்தான். அதில் தவறேதும் இல்லை. இறங்கப் பழகுபவன் அப்படித்தான் வைத்திருப்பான். அடுத்து ஏறிய நம் பிள்ளை பட்டியலை வரிவரியாகப் படித்தான். விமானம் எழுந்து முந்நூறு அடி உயர்ந்ததும், பின்மடிப்பை ஏற்றுவதற்காகக் கையைக் குமிழிலிருந்து எடுத்தான். எஞ்சினின் ஒலி தாழ்ந்தது. என்னவென்று அவன் விளங்கிக்கொள்ளுமுன், அருகிலிருந்த பயிற்றுநரின் இடக்கை குமிழை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டது. மொத்தத்தில் மூன்று நான்கு நொடிகள். பயிற்றுநர் கடிந்துகொள்ளவுமில்லை, "இனி நீ தனியாகப் பறக்கும் நாள் வரும், அன்று இந்தப் பக்கத்து இருக்கையில் யாரும் இருக்க மாட்டார்கள்" என்று மட்டும் சொன்னாராம். அது அவன் நெஞ்சில் தைத்துவிட்டது.

2022 டிசம்பரில் அவன் ஊருக்கு வந்தான். தீபத் திருவிழாவுக்கு விடுமுறையில் வந்திருக்கிறான் என்று அவன் தாய் மகிழ்ந்திருந்தார். உண்மையில் அவன் திரும்பிப் போகும் எண்ணமில்லாமல் வந்திருந்தான். பட்டறையில் தந்தையிடம் அதனைச் சொன்ன மாலையில், தற்செயலாக நாமும் அங்கே இருந்தோம்.

"பட்டியலைப் படிச்சேன் சார்" என்று, தந்தையைப் பார்க்க இயலாமல், நம்மைப் பார்த்தே பேசினான். "திருகைத் தொடவும் தொட்டேன். ஆனா திருகிப் பாக்கல. வாயி சொல்லிச்சு, விரலு தொட்டுச்சு, அவ்வளவுதான். இது எனக்கு வராது சார்."

வீட்டுப் பத்திரத்தின் நினைவு நமக்கு வந்தது. அவருக்கு வராமலா இருந்திருக்கும்? ஆறுதலாகச் சில வாக்கியங்களை நாம் நெஞ்சுக்குள் கோத்துக்கொண்டிருந்தோம். ஆசிரியர்களுக்கு இது ஒரு நோய். அவரோ ஒன்றும் பேசாமல் எழுந்து, மூலையில் நின்றிருந்த பழைய டிராக்டர் ஒன்றைக் காட்டி, "அந்தக் கை ஆக்சிலேட்டரப் பாரு" என்றார்.

டிராக்டரை அறிந்தவர்களுக்குத் தெரியும்: கால்மிதியைத் தவிர, ஸ்டியரிங்கின் அருகே கையால் தள்ளி வைக்கும் ஆக்சிலேட்டர் ஒன்றும் அதற்கு உண்டு. ஏர் ஓட்டும்போதும், கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுழற்றும்போதும் எஞ்சின் ஒரே சீராக ஓட வேண்டும். மணிக்கணக்கில் மிதியை மிதித்துக்கொண்டிருக்க இயலாது. அந்தக் கைப்பிடியும் உராய்வினால்தான் நிற்கிறது. உள்ளே தட்டுகள், அவற்றை நெருக்க ஒரு ஸ்பிரிங், ஒரு நட்டு. தட்டுகள் தேய்ந்தால் அதிர்வில் பிடி சரியும், கதிரடிப்பு மந்தமாகும். நம் பக்கத்து விவசாயிகள் சைக்கிள் டியூபை வெட்டி இடையில் செருகி ஒரு பருவத்தை ஓட்டிவிடுவார்கள். அந்த வண்டி அப்படிச் செருகப்பட்டே வந்திருந்தது.

"கழட்டு" என்றார். கழற்றினான். "மொதல்ல கேபிளத் தனியா இழுத்துப் பாரு. அது இறுகிக் கெடந்தா அது பிடிமானம் இல்ல, நோவு. அத வச்சிக்கிட்டு நட்ட முடுக்கக் கூடாது." கேபிள் தடையின்றி ஓடியது. டியூப் துண்டை எறிந்தார். தட்டுகளில் எண்ணெய் படிந்திருந்தது. பெட்ரோலில் துணி நனைத்துத் துடைக்கச் சொன்னார். வண்டியில் எங்கு வேண்டுமானாலும் எண்ணெய் விடலாம், இவ்விடத்தில் மட்டும் ஆகாது என்றார். புதுத் தட்டு மாட்டி நட்டை மகனையே முடுக்க வைத்தார். எஞ்சினைக் கிளப்பிக் கைப்பிடியை முக்கால் அளவில் வைத்தார்கள். வண்டி உதறியது, பிடி மெல்லச் சரிந்தது. "கால் சுத்து" என்றார். அப்போதும் சரிந்தது. இன்னொரு கால் சுற்று. நின்றது. "இப்ப தள்ளு." தள்ளினான், முழங்கையின் பலம் தேவைப்பட்டது. "கொஞ்சம் எறக்கு." இப்படி ஏறியும் இறங்கியும் ஐந்தாறு முறை. நாம் ஒரு முக்காலியில் அமர்ந்து, முப்பதாண்டு கற்பித்த பாடத்தை முதன்முறையாகக் கண்டுகொண்டிருந்தோம்.

கடைசியில் பிடி அசையாமல் நின்றது. மகனின் இரு விரல்களுக்கு இணங்கி நகர்ந்தது. அப்போதுதான் அவர் அன்று பேசிய ஒரே நீண்ட வாக்கியத்தைப் பேசினார்: "ரெண்டு வெரலுக்கு வரணும், ஆட்டத்துக்கு வரக் கூடாது, அது எவ்வளவுன்னு எந்தப் புத்தகத்துலயும் இருக்காது, ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தடவையும் கையாலதான் பாக்கணும்." பின்னர் கை கழுவப் போய்விட்டார். போ என்றோ, இரு என்றோ சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தேரோட்டம். கொரோனாத் தொற்றினால் இரண்டாண்டுகள் வீதிக்கு வராதிருந்த ஐந்து தேர்களும் அவ்வாண்டு மீண்டும் மாடவீதிகளில் வலம் வந்தன. தெருவோரத்தில் நாமும் அப்பிள்ளையும் நின்றிருந்தோம். வடம் பிடிப்போரையும் அலங்காரத்தையுமே எல்லாரும் பார்ப்பர். அன்று நம் கண்கள் சக்கரத்தின் அருகே சென்றன. அங்கே முட்டுக்கட்டை போடுவோர், கைப்பிடி வைத்துச் செதுக்கிய மரக்கட்டைகளோடு தேருடன் கூடவே நகர்ந்துகொண்டிருந்தனர். மலையடிவாரமாதலால் மேற்கே தரை உயர்ந்தும் கிழக்கே தாழ்ந்தும் இருக்கும் ஊர் இது. ஏறும்போது இழுப்பவர்கள் பாடு. இறங்கும்போது கட்டை போடுபவர்கள் பாடு. கட்டையைச் சக்கரத்தடியில் சரியான கோணத்தில் கொடுத்தால் தேர் வேகம் தணிகிறது. ஒரு பக்கச் சக்கரத்திற்கு மட்டும் கொடுத்தால் தேரின் முகமே திரும்புகிறது. முன்னதாகக் கொடுத்தால் தேர் முட்டி நின்றுவிடும். பின்னதாகக் கொடுத்தால் அக்கட்டைக்கும், சில வேளை கொடுத்த கைக்கும் ஆபத்து. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்திருக்கிறது. அங்கும் முட்டுக்கட்டை போடுவோர் ஓய்வு பெற்றுவிடவில்லை.

தமிழில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பது வசைச்சொல். காரியத்தைக் கெடுப்பவனை அப்படிச் சொல்கிறோம். இச்சொல்லை உருவாக்கியவர்கள் தேருக்கு வெகு தொலைவில் நின்றவர்களாக இருக்க வேண்டும் என்பது நம் துணிபு. அருகில் நின்றவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். இறங்குமுகத்தில் வரும் பெருந்தேருக்கு முன்னால் இரு மருங்கிலும் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்கும் கூட்டத்தை, அந்த மரத்துண்டே காத்து நிற்கிறது.

அப்பிள்ளை எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரத்துக்குப் பின், "இவங்க கட்டையில இருந்து கண்ணை எடுக்கவே இல்ல சார்" என்றான். நான்காம் நாள் தொடர்வண்டி ஏறினான்.

திரும்பிச் சென்றபின் அவன் நமக்கு ஒரு விசாரணை அறிக்கையைப் பற்றி எழுதினான். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் ஆடிசன் விமான நிலையத்தில், 2019 ஜூன் 30 அன்று, கிங் ஏர் 350 வகை இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று எழுந்த சில நொடிகளில் இடப்பக்கம் சாய்ந்து ஒரு விமானக் கொட்டகையின் மீது விழுந்தது. உள்ளிருந்த பத்துப் பேரும் மாண்டனர். இட எஞ்சினின் விசை குறைந்தது தெளிவாயிற்று. ஏன் குறைந்தது என்பதை உறுதிப்படுத்த இயலவில்லை என்றே அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடித்தது. ஆயினும் ஆராயப்பட்டவற்றுள் உராய்வுத் திருகும் ஒன்று. அவ்வகை விமானத்தில் அதனைப் போதிய அளவு இறுக்காவிட்டால் விசைப்பிடி தானாகவே பின்வாங்கும் என்பது விமானிகள் முன்பே அறிந்திருந்த செய்தி. விமானி சரிபார்ப்புப் பட்டியல்களைப் பின்பற்றாமையும், ஒரு எஞ்சின் விசை இழந்தால் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமையும் விபத்துக்குத் துணைபோயின என்றும் வாரியம் குறித்தது. பட்டியலைப் படிப்பது ஒன்று, அதன்படி கை செய்வது மற்றொன்று என்று எழுதிவிட்டு, "இப்போது திருகியபின் இரண்டு விரலால் தள்ளிப் பார்க்கிறேன் சார்" என்று முடித்திருந்தான்.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவன் தனியாகப் பறந்தான். பக்கத்து இருக்கை காலியாக இருந்த அந்தப் பயணம் சில நிமிடங்களே நீடித்ததாம். எழுந்து, ஓடுபாதையைச் சுற்றி வந்து, இறங்கினான். வணிக விமானி உரிமத்திற்குத் தேவையான இருநூறு மணி நேரத்தையும் முடித்தான். கடன் இன்னும் முடியவில்லை. அவன் தாய் இன்றும் மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

கடந்த ஆண்டு பெரிய விமானத்திற்கான பயிற்சிக்கு அவன் சென்றான். ஏர்பஸ் ஏ320. விடுமுறையில் வந்தபோது, தந்தைக்கு உவப்பாயிருக்குமென்று ஒரு செய்தி கொண்டு வந்தான். அதன் விசைப்பிடியிலிருந்து எஞ்சினுக்குக் கம்பியோ கேபிளோ செல்வதில்லை. பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது மின்குறியாக மட்டுமே போகிறது. அப்படியே விட்டால் அப்பிடி காற்றில் ஆடும் கிளைபோல் கனமின்றி நகரும். ஆகவே விமானியின் கைக்கு ஒரு எதிர்ப்பு தோன்ற வேண்டுமென்றே, பிடிக்குக் கீழே செயற்கையாக உராய்வைத் தரும் பெட்டியொன்றை வைத்திருக்கிறார்கள். இல்லாத உராய்வை விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது நமக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. அந்தப் பழைய பாடத்தை மறுபடி நடத்தும் வாய்ப்புக் கிடைத்தால், தீமைகளின் பட்டியலைச் சற்றுக் குறைத்திருப்போம்.

தந்தைக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. "அந்தப் பெட்டிக்கு நட்டு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"ஓட்டறவங்க கைக்கு எட்டற எடத்துல எதுவும் இல்லப்பா. எல்லாம் கீழ மெக்கானிக் பாத்துப்பாங்க."

"ஓட்டறவன் கையில திருகு இல்லையா?" என்று மீண்டும் கேட்டார். இல்லை என்றான். அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, வாசலில் கதிரடிக்கும் இயந்திரத்தோடு வந்து காத்திருந்த ஒருவரிடம், வண்டியை உள்ளே கொண்டு வரும்படி கைகாட்டினார்.